'லேக் வியூ' மனையா... வாங்குறதுக்கு முன்னாடி மேப்ல அது என்ன கலர்னு பாருங்க! - அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்களுக்கு ஒரு நிலப் பயன்பாட்டு கைடு

சனிக்கிழமை ஆனா போதும். திருமழிசை, நசரத்பேட்டை, பட்டாபிராம் பக்கம் ரோட்டோரம் குடை போட்டு, கலர் கலரா கொடி நட்டு, 'இலவச சைட் விசிட்' வேன் நிக்கும். 'மெட்ரோவிலிருந்து 10 நிமிஷம்', 'அவுட்டர் ரிங் ரோடு மிக அருகில்', 'லேக் வியூ'. நோட்டீஸ்ல இதெல்லாம் பெரிய எழுத்துல இருக்கும். அந்த மனையோட நிலப் பயன்பாட்டு வகை என்ன, மழைத் தண்ணி எந்த வழியா போகும்ங்கிற ரெண்டு விஷயம் மட்டும் எங்கேயும் இருக்காது.

20 வருஷ இ.எம்.ஐ-க்குக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் தெரிஞ்சுக்கிறது நல்லது. இதுக்கு இன்ஜினீயரிங் படிச்சிருக்கணும்னு இல்லை. போனும் சர்வே நம்பரும் இருந்தா பாதி வேலை முடிஞ்சது. மீதிப் பாதிக்கு, ஒரு ஊரை எப்படித் திட்டமிடுறாங்கங்கிற அடிப்படை புரியணும்.

மேல இருக்கிறது யாரு?

அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியோட 7-வது மண்டலம். ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. குப்பை, தெருவிளக்கு, சொத்து வரின்னு வந்தா மூணுக்கும் வேற வேற ஆபீஸ். ஆனா 'இந்த நிலத்துல என்ன கட்டலாம்?'ங்கிற கேள்வி வந்துட்டா மூணுமே ஒரே குடையின் கீழ வரும். அதுதான் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், எல்லாரும் சொல்ற சி.எம்.டி.ஏ.

1971-ம் ஆண்டு தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ், 1974-ல் சட்டபூர்வ அமைப்பானது இது. முதல் மாஸ்டர் பிளான் 1975-ல் வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில், 2026-ஐ இலக்கு ஆண்டாக வைத்து நடைமுறைக்கு வந்தது. மூன்றாவது, 2027 முதல் 2046 வரைக்கானது. இன்னிக்கு கல்லூரியில் இருக்கிற ஒருத்தர் நாற்பதைத் தாண்டுற வரைக்கும் அவர் ஊர் எப்படி இருக்கணும்னு தீர்மானிக்கப்போறது இந்தத் திட்டம்தான்.

சி.எம்.டி.ஏ எல்லை நீண்ட காலமாக 1,189 சதுர கிலோமீட்டர். 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். நம்ம மூணு ஊரும் பழைய எல்லைக்குள்ளேயே இருந்தவை. அதனால 'இது ஊராட்சி அப்ரூவல் சார், போதும்'னு இந்தப் பகுதியில் யாராவது சொன்னா, அங்கேயே ஒரு பிரேக் போடுங்க. மனைப் பிரிவுக்கு அனுமதி தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் இல்லை.

கலர் சொல்லும் கதை

மாஸ்டர் பிளான்னா அடிப்படையில் ஒரு பெரிய மேப். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு கலர் இருக்கும். பொதுவான வழக்கப்படி மஞ்சள்னா குடியிருப்பு, நீலம்னா வணிகம், ஊதான்னா தொழிற்சாலை, சிவப்புன்னா பள்ளி, மருத்துவமனை மாதிரி நிறுவனங்கள், பச்சைன்னா திறந்தவெளி, விளையாட்டு. இதுக்கு மேல விவசாய மண்டலம், நகர்ப்புறம் சாராத மண்டலம்னும் இருக்கு. குடியிருப்புலேயே ரெண்டு வகை. முதன்மைக் குடியிருப்புன்னா வீடுகளும், தெருவுக்குத் தேவையான சின்னக் கடை, கிளினிக் மாதிரியானவையும். கலப்புக் குடியிருப்புன்னா அதைவிடக் கொஞ்சம் பெரிய வணிகத்துக்கும் இடம் உண்டு.

எதுக்கு இப்படிப் பிரிக்கணும்? அதைப் புரிஞ்சுக்க அம்பத்தூரைவிட நல்ல வகுப்பறை கிடையாது. 1949-ல் டி.ஐ சைக்கிள்ஸ் இங்கே வந்தது. பிறகு டன்லப். 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. வேலை இருக்கிற இடத்துக்கு ஆள் வரும், ஆள் வந்தா வீடு வரும். பாடி, மண்ணூர்பேட்டை, பட்டரவாக்கம்னு பேட்டையைச் சுத்தி வீடுகள் நெருங்கிடுச்சு. இப்போ பெரிய லாரி திரும்புற ரோட்டுலதான் ஸ்கூல் வேனும் திரும்பணும். லேத் பட்டறை சத்தம், பெயின்ட் வாசனை, ராத்திரி ஷிப்ட்... எல்லாத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரங்க புகார் கொடுப்பாங்க. பட்டறைக்காரர், 'நாங்க அப்பவே இங்கே இருக்கோம்'னு சொல்வார். ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. இடையில் போதுமான இடைவெளி விடாததுதான் பிரச்னை.

ஆவடி கதை இதுக்கு நேர்மாறு. கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் இங்கே தொடங்கப்பட்டது. 1965-ல் முதல் 'விஜயந்தா' டாங்கி வெளியே வந்தது. பாதுகாப்புத் துறை நிலம், அதிகாரிகள் குடியிருப்பு, அகலமான ரோடு, வரிசையா மரம். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர், இந்தப் பக்கம் வேற ஊர். ஒரே ஆளோ ஒரே துறையோ மொத்தமாத் திட்டமிட்டா எப்படி இருக்கும், ஆளுக்கு ஒரு ஏக்கரா பிரிச்சு வித்தா எப்படி இருக்கும்னு பார்க்கணுமா? ஆவடியில் பத்து நிமிஷம் பைக் ஓட்டினா போதும். ஒண்ணு கவனிங்க: ராணுவ, விமானப்படை வளாகங்களை ஒட்டி மனை வாங்கினா, கட்டும்போது பாதுகாப்புத் துறையின் தடையில்லாச் சான்று தேவைப்படலாம்.

சரி, விவசாய மண்டலத்தில் இருக்கிற நிலத்தை வீட்டுமனையா மாத்த முடியாதா? முடியும். 'நிலப் பயன்பாட்டு மாற்றம்'னு பேரு. விண்ணப்பம், பத்திரிகை விளம்பரம், ஆட்சேபணை கேட்பது, தொழில்நுட்பக் குழு ஆய்வுன்னு ஒரு வரிசை இருக்கு. அந்த விளம்பரத்துல சர்வே எண், கிராமம் எல்லாம் இருக்கும். உங்க தெருவுக்குப் பின்னாடி இருக்கிற வயலைத் தொழிற்சாலை மண்டலமா மாத்தக் கேட்கிறாங்கன்னா, எழுத்து மூலம் ஆட்சேபணை சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனா, யாரும் அந்தப் பக்கத்தைப் படிக்கிறதே இல்லை; எதிர்ப்பு இல்லைன்னு ஃபைல் நகர்ந்துடும். 'கண்டிப்பா கன்வெர்ட் ஆகிடும் சார்'னு சொல்லி விக்கிற மனையில், அந்த ரிஸ்க் மொத்தமும் உங்க தலையிலதான்.

ஏரி என்பது தனி ஏரி இல்லை

இந்தப் பகுதியில் நிலம் வாங்குறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய பாடம் இதுதான். கொஞ்சம் பொறுமையா படிங்க.

அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, மாதவரம் ரெட்டேரி. மேப்ல தனித்தனி நீலத் திட்டுகளாத் தெரியும். உண்மையில் இது ஒரு சங்கிலி. மேல இருக்கிற ஏரி நிரம்பினா, கலங்கல் வழியா வழியிற உபரிநீர் கால்வாய்ல ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினா அடுத்ததுக்கு. நம்ம முன்னோர்கள் சரிவைப் பார்த்து, பம்ப் இல்லாம, கரன்ட் இல்லாம, தண்ணியை ஊர் ஊரா நடத்திக் கூட்டிட்டுப் போன ஏற்பாடு இது.

இந்தச் சங்கிலியில் ஏரியைவிட முக்கியமானது, ரெண்டு ஏரிக்கும் நடுவுல இருக்கிற கால்வாய். ஏரியை ஆக்கிரமிச்சா நியூஸ் வரும். அஞ்சு அடி அகலக் கால்வாயை மூடி மேல ஒரு சிமென்ட் ரோடு போட்டா, யாருக்கும் தெரியாது. வருஷத்துல பதினோரு மாசம் அது வறண்டுதான் கிடக்கும். பன்னிரண்டாவது மாசம் தண்ணி தன்னோட பழைய அட்ரஸைத் தேடி வரும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் கொரட்டூர், அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பகுதிகள் மூழ்கினது நினைவிருக்கும். தொழிற்பேட்டைக்குள்ள மெஷின்கள் தண்ணிக்குள்ள நின்னு, சின்ன முதலாளிகள் பல லட்சங்களை இழந்தாங்க.

ஏரியை ஊராக்குறது நமக்கு புது விஷயமும் இல்லை. தி.நகரே மயிலாப்பூர் நெடிய ஏரியை வடித்து 1920-களில் உருவாக்கினதுதான். மேற்கு மாம்பலத்துல 'லேக் வியூ ரோடு' இன்னும் இருக்கு, லேக்தான் இல்லை! நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அந்தக் காலத்துல அதை முன்னேற்றமாவே பார்த்தாங்க. இப்போ மேற்குப் புறநகர்ல அதையே திரும்பச் செய்றதுக்கு, தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தாச்சு.

இன்னொரு விஷயம், புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி. சென்னைக்குக் குடிநீர் தர்ற ஏரிங்கிறதால, அதுக்குத் தண்ணி வந்து சேர்ற நிலங்கள்ல மனைப் பிரிவுகளுக்கும் கட்டுமானத்துக்கும் மாஸ்டர் பிளானில் கட்டுப்பாடுகள் இருக்கு. அம்பத்தூர், ஆவடிக்கு வடக்கே மனை பார்க்கிறவங்க, 'இந்தக் கிராமம் நீர்ப்பிடிப்புப் பட்டியல்ல வருதா?'ன்னு தனியாகக் கேட்டே ஆகணும். பூந்தமல்லிப் பக்கம்னா செம்பரம்பாக்கம். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதோட உபரிநீர் அடையாற்றுக்குப் போகுது. அந்த வழித்தடத்துல இருக்கிற நிலம் எப்பவுமே கொஞ்சம் விலை குறைவாத்தான் சொல்வாங்க. ஏன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஒரு பழைய ஆள் டிப்ஸ்: சைட் பார்க்க ஏப்ரல்ல போகாதீங்க, நவம்பர்ல போங்க. முடியலைன்னா பக்கத்து டீக்கடையில, '2015-ல இங்கே தண்ணி எவ்வளவு ஏறுச்சுண்ணே?'ன்னு கேளுங்க. டீக்கடைக்காரருக்குக் கமிஷன் கிடையாது.

லேஅவுட்டுக்குள்ள உங்களுக்கும் பங்கு இருக்கு

'ஓ.எஸ்.ஆர்'னு ஒரு வார்த்தை அடிக்கடி காதுல விழும். திறந்தவெளி ஒதுக்கீடு. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில், சாலைகள் போக மீதி இருக்கிற பரப்பில் 10 சதவிகிதத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடலுக்காக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரைன்னா, இடம் விட முடியாத நிலையில் அதுக்கான பணத்தைக் கட்டலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூணு ஏக்கர் லேஅவுட் என்றால் ஏறக்குறைய 12,140 சதுர மீட்டர். ரோட்டுக்கு 30 சதவிகிதம் போச்சுன்னு வெச்சுக்கிட்டா மீதி 8,500. அதில் 10 சதவிகிதம் 850 சதுர மீட்டர், அதாவது நாலு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. இன்னிக்கு ரேட்டுக்கு அது எவ்வளவு பெரிய சொத்துன்னு சொல்லத் தேவையில்லை. நிறைய லேஅவுட்ல அந்த நாலு கிரவுண்டு, சங்கத்து ஆபீஸாவோ, கார் ஷெட்டாவோ, சமயத்துல இன்னொரு மனையாவோ மாறிடுது. ஒப்புதல் பெற்ற வரைபடத்துல 'பூங்கா'ன்னு எழுதியிருக்கிற இடத்துல இப்போ என்ன இருக்குன்னு உங்க லேஅவுட்லயே போய்ப் பாருங்க. தானப் பத்திரம் பதிவாகியிருக்கான்னு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போட்டா தெரிஞ்சுடும்.

எஃப்.எஸ்.ஐ-யும் இதே மாதிரிதான். பேர் கேட்டா பயமா இருக்கும், விஷயம் சின்னது. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு. 18.3 மீட்டர் உயரத்துக்கு மிகாத சாதாரணக் கட்டடத்துக்கு 2. அப்படின்னா ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் எல்லா மாடியும் சேர்த்து 4,800 சதுர அடி. உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25. ஆனா எவ்வளவு உயரம் போகலாம்ங்கிறதை ரோட்டு அகலம்தான் தீர்மானிக்கும். காரணம் ரொம்ப எளிசு. தீயணைப்பு வண்டி உள்ளே வரணும், சாக்கடை தாங்கணும், ஒரே நேரத்துல அத்தனை வண்டியும் வெளியே போகணும்.

ஏழைக்கும் மனை: முகப்பேர் பாடம்

திட்டமிடல்னாலே பணக்காரங்க ஏரியான்னு ஒரு எண்ணம் இருக்கு. அது தப்புன்னு சொல்ல முகப்பேர் ஒண்ணு போதும்.

1970-களின் கடைசியில் ஆரம்பிச்சு, உலக வங்கிக் கடனுதவியோட சென்னையில் ஒரு முயற்சி நடந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர்ல தொடங்கி, அடுத்த கட்டமா முகப்பேர் வரை வந்தது. ஐடியா இதுதான்: அரசாங்கம் வீடு கட்டித் தர வேண்டாம். ரோடு, தண்ணி, கழிவுநீர், பள்ளிக்கூடத்துக்கு இடம் எல்லாத்தையும் முதல்ல போட்டுட்டு, சின்னச் சின்ன மனையா குறைஞ்ச வருமானக்காரங்களுக்குக் கொடுக்கலாம். அவங்க கையில காசு இருக்கும்போது ஒரு அறை, பிறகு ஒரு மாடின்னு தாங்களே கட்டிக்கட்டும். பெரிய மனைகளையும் கடை மனைகளையும் நல்ல விலைக்கு வித்து, அந்தப் பணத்தில் சின்ன மனையின் விலையைக் குறைக்கலாம்.

ஆரம்பத்துல 'ஆளே வரலை, காலியாக் கிடக்கு'ன்னு இதை விமர்சிச்சாங்க. 20 வருஷம் கழிச்சு மும்பையிலும் சென்னையிலும் இந்த இடங்களை மறுபடி போய்ப் பார்த்த ஆய்வு ஒண்ணு 2018-ல் வெளியானது. தோல்வின்னு நினைச்சது வெற்றியா மாறியிருக்குன்னு அது சொன்னது. சின்ன மனை, பெரிய மனை, கடை எல்லாம் கலந்து இருந்ததால பல தரப்பட்ட வருமானக்காரங்களும் அங்கே இருக்காங்க. ரோடும் ட்ரெயினேஜும் முதல்லயே போட்டதால தெரு தெருவா இருக்கு. என் கணிப்பில், இன்னிக்கு நாம செய்றது இதுக்கு அப்படியே தலைகீழ். முதல்ல வீடு, அப்புறம் ரோடு, அப்புறம் போராட்டம், கடைசியா பாதாளச் சாக்கடை! ரோட்டை மூணு தடவை தோண்டுறோம்.

'பத்திரம் பதிவாகிடுச்சே!'

இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. 2016 செப்டம்பர் 9-ம் தேதி, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிச்சது. பிறகு 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி உருவான மனைப் பிரிவுகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கலாம். அந்தத் தேதிக்கு முன்னாடியே வீட்டுமனையாப் பதிவான மனையை மறுபடி விக்கவும் வழி இருக்கு. ஆக, பத்திரம் பதிவாகுதுங்கிறதாலேயே அது அப்ரூவ்டு மனை ஆகிடாது. வீடு கட்ட அனுமதி கேட்கும்போதும், பேங்க் லோன் கேட்கும்போதும்தான் உண்மை தெரியும்.

'ரெகுலரைஸ்டு' என்பதும் 'அப்ரூவ்டு' என்பதும் ஒண்ணு இல்லை. வரன்முறை செய்த லேஅவுட்ல போதுமான ரோடு அகலமும் பூங்காவும் இல்லாமலே இருக்கலாம். நீர்நிலையில் இருக்கிற மனைக்கோ வரன்முறையே கிடையாது.

அதனால, அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி சர்வே எண்ணை வாங்குங்க. கொடுக்கத் தயங்கினா அங்கேயே நன்றி சொல்லிட்டுக் கிளம்பலாம். தமிழக அரசின் இ-சேவை நில ஆவணத் தளத்துல பட்டா, அ-பதிவேடு, புலப்பட வரைபடம் மூணையும் பாருங்க. அ-பதிவேட்டில் அந்த நிலம் நன்செய்யா, புன்செய்யா, புறம்போக்கான்னு இருக்கும். பட்டாவை மட்டும் பார்க்கிறவங்க இதை விட்டுடுறாங்க. புலப்பட வரைபடத்துல மனையைத் தொட்டு ஓடை, வாய்க்கால் கோடு போகுதான்னு கவனிங்க. அடுத்து சி.எம்.டி.ஏ தளத்துல கிராமமும் சர்வே எண்ணும் கொடுத்தா, மாஸ்டர் பிளானில் என்ன மண்டலம்னு தெரியும். லேஅவுட் அனுமதி எண்ணையும் அங்கேயே சரிபார்க்கணும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது மனைப் பிரிவுன்னா ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல பதிவு கட்டாயம். வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்கு எடுங்க. இத்தனைக்கும் அரை நாள்தான் ஆகும். மொபைல் வாங்க இதைவிட அதிக நேரம் ரிவ்யூ பார்க்கிறோம்!

நல்ல மனை கையில வந்த பிறகு கட்டுறது முன்னைவிட சுலபம். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுறவங்களுக்கு சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. சுயசான்றுன்னா பொறுப்பு உங்களுடையதுன்னு அர்த்தம். தப்பாத் தகவல் கொடுத்தா பின்னாடி பதில் சொல்ல வேண்டியதும் நீங்கதான்.

ஊர்ல உங்க குரல் எங்கே?

கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கிலோமீட்டர் மெட்ரோ வழித்தடம், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை, குத்தம்பாக்கத்தில் பஸ் முனையம், திருமழிசையைச் சுத்தி புது நகரத் திட்டம். இவ்வளவும் ஒரே திசையில் குவியுது. இதனால பூந்தமல்லியில் வாடகை ஏறும்னு எல்லாருக்கும் தெரியும். ஏறின பிறகு, அங்கேயே பிறந்து வளர்ந்து வாடகை வீட்டுல இருக்கிறவங்க எங்கே போவாங்கங்கிறதும் திட்டமிடல் கேள்விதான். பெரிய மனைப் பிரிவுகள்ல பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 சதவிகித மனை ஒதுக்கணும்னு விதி இருக்கு. அது யாருக்குப் போச்சுன்னு கேட்க ஆள் வேணும்.

கேட்கிறதுக்கு இடம் இருக்கு. மாஸ்டர் பிளான் வரைவு வெளியாகும்போது பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் சொல்ல அவகாசம் தரணும்னு சட்டமே சொல்லுது. மாநகராட்சி, நகராட்சிகளுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் 2022-ல் விதிகளோட வந்தாச்சு. நவம்பர் 1, உள்ளாட்சி தினத்துல கூட்டம் போடுவாங்க. கிராம சபை மாதிரி, ஆனா நகரத்துக்கு. போனா என்ன பேசுறதுன்னு தெரியலைன்னா, பெரிய விஷயம் எதுவும் வேண்டாம். உங்க தெருவில் மழைநீர் வடிகால் எங்கே போய் முடியுதுன்னு கேளுங்க. அது ஏரிக்குப் போகுதா, கால்வாய்க்குப் போகுதா, இல்லை நடுவுலேயே நின்னுடுதான்னு மேப்ல காட்டச் சொல்லுங்க. லேஅவுட்டின் ஒப்புதல் வரைபட நகல் ஒண்ணு கையில இருந்தா இன்னும் நல்லது. பூங்கா, கால்வாய், ரோட்டு அகலம்னு மூணு கேள்வி அதுலேயே எழுதியிருக்கும்.